நீலப் புள்ளிக்குள் ஒரு கை

இது மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்கழி முடிய ஐந்தாறு நாட்கள் இருந்தபோது நடந்தது. திருவையாற்றிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊருக்கு வடக்கே ஓடும் வாய்க்காலின் கரைதான் இடம்.

இருபது வருடம் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்குப் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டேன். 'நாற்பத்தேழு வயதில் இது தேவையா' என்று என்னைக் கேட்காத ஜீவன் எங்கள் வீட்டு நாய் ஒன்றுதான். முதல் இரண்டு வருடம் வயல்களுக்கு மருந்து அடித்துக் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் அப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், இப்போதும் அப்படித்தான்.

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. வகுப்பில் யாராவது ஏடாகூடமாகக் கேள்வி கேட்டால், "அது அடுத்த பாடத்துல வருது, உக்காரு" என்று அதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுவேன். மறுநாள் ஒன்றும் நடக்காதது மாதிரி பதில் சொல்வேன். பிள்ளைகள் என்னை ஒரு பெரிய மேதை என்று நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன்.

அந்த மார்கழியில் எங்கள் ஊர் உழவர் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். சம்பா கதிர் பால் பிடித்து நின்றது. கடைசியாக ஒரு தண்ணீர் பாய்ச்சினால் நெல் முற்றிவிடும். வாய்க்கால் தண்ணீர் ஊருக்கு ஊர் முறை வைத்து வரும். எங்கள் முறைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆனால் வாய்க்கால் கரை முழுக்கப் பொந்து. எலி, பெருச்சாளி, நண்டு என்று ஆளாளுக்குத் தோண்டி வைத்திருந்தன. தண்ணீர் வந்தால் அந்தப் பொந்துகள் வழியாகக் கசிந்து, கரையே உடைந்து, கீழே நிற்கும் கதிரெல்லாம் படுத்துவிடும்.

மண்ணைப் போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எலி இருக்கும் பொந்தை அடைத்தால் அது பக்கத்திலேயே இன்னொரு வழி தோண்டிக்கொண்டு வெளியே வருமாம், கரை சல்லடையாகிவிடுமாம். அதனால் எலி இருக்கும் இடத்தில் முதலில் கிட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். காலியான பொந்தை மட்டும் உடனே அடைக்கலாம். எது காலி, எதில் ஆள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

"ஒங்க ட்ரோன்ல சூட்ட படம் புடிக்கிற கேமரா மாட்டலாமாமே டீச்சர். உள்ள உயிர் இருந்தா செவப்பா காட்டுமாம்ல?" என்றார் தலைவர்.

நான் அதுவரை அந்தக் கேமராவைத் தொட்டதுகூட இல்லை. "ஓ, தாராளமா பண்ணலாமே" என்றேன்.

பயிற்சி கொடுத்தவரிடம் கெஞ்சி அந்தக் கேமராவை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். வெயில் ஏறினால் தரையே சுட்டுவிடும், எது எலியின் சூடு எது மண்ணின் சூடு என்று தெரியாது, அதனால் விடிகிற நேரத்தில் பறக்கவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பனியில் நின்றேன். கோலம் போட வாளியோடு வாசலுக்கு வந்த பெண்கள் தலைக்கு மேலே சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் படத்தில் அறுபத்திரண்டு பொந்துகள் தெரிந்தன. ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. இவ்வளவு எலியா என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் நாள் மூடுபனி. ஏழு மணிக்குத்தான் பறக்கவிட முடிந்தது. அன்றைக்கு முக்கால்வாசி நீலம். ராத்திரியோடு ராத்திரியாக எலியெல்லாம் எங்கே குடிபோனது? மூன்றாம் நாள் பாதிக்குப் பாதி. அதிலும் முதல் நாள் நீலமாக இருந்த இரண்டு இப்போது சிவப்பு.

மூன்று படங்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கணவர் காபியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கு?" என்றார். "உங்களுக்குப் புரியாது" என்றேன். எனக்கும் புரியவில்லை என்பதுதான் உண்மை. பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே!

கடைசியில் கணக்கு டீச்சர் புத்தி வேலை செய்தது. மூன்றில் இரண்டு நாள் நீலமாக இருந்தால் அது காலி. மூன்றில் இரண்டு நாள் சிவப்பாக இருந்தால் ஆள் இருக்கிறது. தேர்தல் மாதிரி மெஜாரிட்டி பார்த்து முடித்துவிட்டேன். இருபத்தைந்து பொந்துகளுக்கு நீலப் புள்ளி வைத்து, ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'நீலம் - காலி' என்று எழுதி, அழகாக அச்சடித்துத் தலைவரிடம் கொடுத்தேன்.

சிவப்புப் பொந்துகளில் கிட்டி வைக்க வேறு ஆட்கள் போனார்கள். கரையை அடைக்கும் வேலையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்நின்று வேலை வாங்குகிற அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நடவு, களையெடுப்பு, அறுப்பு எதுவானாலும் அவர் சொன்னால்தான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் அந்தப் படத்தோடு.

"டீச்சர், இதுல நீலமா வச்சிருக்கீங்கள்ல, இதெல்லாம் நல்லா வாய் தொறந்து கெடக்குற பொந்துங்க."

"ஆமாம் அக்கா. காலி. அதனாலதான் திறந்து கிடக்கு."

"அதுக்கில்லீங்க. எலி உள்ள இருந்தா வாசல்ல மண்ணத் தள்ளி மூடிக்கும். தொறந்து கெடந்தா அது எலி வுட்டுட்டுப் போன வீடு. சரிதான். ஆனா வுட்டுட்டுப் போன வீடு சும்மா கெடக்குமா? நாங்க எப்பவும் மொத நாளு சாயங்காலம் ஒரு கை மண்ண வாயில லேசா வச்சுட்டு வந்துருவோம். காலையில அது தள்ளி வுட்டுருந்தா கைய வைக்க மாட்டோம்."

"அதுக்கு ஒரு நாள் கூடுதலா ஆகுமே. நாளை மறுநாள் தண்ணி வந்துடும்னு தலைவர் சொல்றாரே."

"அதான் யோசிக்கிறேன். நீங்க நல்லா பாத்தீங்களா?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது மேஜையில் கிடந்த மூன்று படங்களையும் எடுத்து அவரிடம் காட்டி, எனக்கே குழப்பமாக இருக்கிறது அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

"மூணு நாள் பாத்தாச்சு அக்கா. கேமரா பொய் சொல்லாது. தைரியமா அடைங்க" என்றேன்.

அவர் படத்தை மடித்துக்கொண்டார். "சரிங்க டீச்சர், படிச்சவங்க சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. நானும் கரையில் நின்றேன், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அடைக்கலாம், இது வேண்டாம்" என்று மேற்பார்வை செய்துகொண்டு. களிமண்ணைக் குழைத்துத் மாங்காய் அளவு உருண்டை பிடித்து, கையாலேயே பொந்துக்குள் திணித்து, காலால் மிதித்து இறுக்குவார்கள். எட்டுப் பொந்து சீக்கிரமே முடிந்துவிட்டது.

ஒன்பதாவது பொந்து ஒரு நுணா மரத்தின் வேருக்குக் கீழே இருந்தது. அக்காதான் குனிந்தார். உருண்டையை உள்ளே தள்ளினார். மணிக்கட்டு வரை கை உள்ளே போனது.

"ஐயோ!" என்று ஒரு சத்தம். அக்கா கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். உருண்டை அவர் கையோடு வெளியே வந்து கரையில் உருண்டது. அடுத்த நொடி பொந்திலிருந்து என்னவோ சரசரவென்று புல்லுக்குள் போனது. எனக்குப் புல் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"சாரைடி, சாரைதான்" என்று ஒருத்தர் கத்தினார். "சாரை எங்கடி சீறும்? நல்லது. நான் சீறுன சத்தத்த கேட்டேன்" என்றார் அக்காவின் ஓர்ப்படி, அதாவது அவர் கொழுந்தன் மனைவி. எங்கள் பக்கம் நல்ல பாம்பின் முழுப்பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், 'நல்லது' என்பார்கள். இன்னொருத்தர் கண்ணாடி விரியன் என்றார். அக்காவிடம் கேட்டால், "கையில இடிச்ச மாரி இருந்துச்சு. கடிச்சுதான்னு தெரியலையே" என்றார்.

கை முழுக்கச் சேறு. கழுவிப் பார்த்தால் மூன்று கீறல்கள். அக்கா விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். "இது நேத்து அருவா பட்டது. இது நண்டு கடிச்சது, முந்தா நாளு. இது..." மூன்றாவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இது தெரியல டீச்சர்."

தலைவரின் காரில் அக்காவையும் ஓர்ப்படியையும் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அக்கா வழியெல்லாம் கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் அடுப்பில் இருக்கும் உலையை யார் இறக்குவார்கள் என்பதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன பாம்பு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று நாள் அந்தப் பொந்துக்கு மேலே நின்று படம் எடுத்தவள் நான்தானே.

"கடிச்சுதா இல்லையா?"

அப்போது ஓர்ப்படி தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். உள்ளே, சோற்றுக்குப் பதிலாக, அந்தக் களிமண் உருண்டை! ஓடிவரும் அவசரத்திலும் அதைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார். உருண்டையின் முகத்தில் ஒரு விரல் அகல இடைவெளியில் இரண்டு சிறிய குழிகள். ஈர்க்குச்சியால் குத்தியது மாதிரி.

டாக்டர் அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லா இருக்கலாம். வைக்கோல் குத்துனதாவும் இருக்கலாம். மண்ணுல பட்டுது சரி, மண்ணைத் தாண்டி விரல்ல பட்டுதான்னு இதை வெச்சு சொல்ல முடியாது" என்றார். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்தார்கள், இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்க. உறைந்தது. விரியன் விஷமென்றால் உறையாதாம், ஆனால் நல்ல பாம்பாக இருந்தால் அதை வைத்துச் சொல்ல முடியாதாம். கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மறுநாள் காலை வரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பகலை என்னால் மறக்கவே முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அக்காவின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ விடிவதற்கு முன்பே எழுந்து வேலை பார்த்தவர். மின்விசிறிக் காற்று பட்டதும் கண் சொக்கியது. சொக்கும்போதெல்லாம் நான், "அக்கா! அக்கா!" என்று உலுக்குவேன். நர்ஸை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். மூன்றாம் முறை நர்ஸே சலித்துக்கொண்டு, "அவங்களுக்குத் தூக்கம் வருதும்மா. வெசம் ஏறல" என்றார். தூக்கமா விஷமா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மத்தியானம் அக்கா நிஜமாகவே தூங்கிவிட்டார். அப்போது ஓர்ப்படி மெதுவாக, கோபத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏன் டீச்சர், காலின்னு எழுதிக் குடுத்தீங்கள்ல. நீங்க ஒரு கைய வுட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கலாம்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவுக்குப் போய் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்தேன். படங்களை மேஜையில் பரப்பிவைத்த அன்றே செய்திருக்க வேண்டிய போன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாம்போட உடம்புக்குன்னு தனியா சூடு கிடையாதும்மா. மண்ணு எவ்வளவோ அதுவும் அவ்வளவு. அந்தக் கேமராவுக்கு அது மண்ணுதான். எலியும் வாசலை மூடிட்டு ஆழத்துல இருந்தா தெரியாது. உங்களுக்கு இதை நான் சொல்லலையா?" சொல்லியிருப்பார். அல்லது சொல்ல வந்தபோது நான், "அதெல்லாம் தெரியும் சார்" என்று சொல்லியிருப்பேன்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். எலி விட்டுப்போன வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசிக்க, எனக்கு மட்டும் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா தேவைப்பட்டது.

மறுநாள் காலை டாக்டர் அம்மா வந்து கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். வீக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "மண்ணு காப்பாத்திருக்கலாம். இல்ல, கடிச்சும் விஷம் இறங்காம இருந்திருக்கலாம். இல்ல, விஷமில்லாத பாம்பாவே இருந்திருக்கலாம்" என்று மூன்று 'லாம்' போட்டார். இவ்வளவு படித்தவர், எவ்வளவு சாதாரணமாக 'லாம், லாம்' என்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் அக்கா என் போனைக் கேட்டார். "அந்தப் படத்தக் காட்டுங்க டீச்சர், பாப்போம்."

காட்டினேன். வாய்க்கால், கரை, நுணா மரம், அதன் கீழே நீலப் புள்ளி. அக்கா கட்டுப்போட்ட விரலை அந்தப் புள்ளியின் மேல் வைத்தார். புள்ளி மறைந்துவிட்டது.

"இங்கதான?"

"ஆமாம் அக்கா."

"நான் ஒங்கள ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. அன்னிக்கி நான் வந்து கேட்டப்ப, ஒங்களுக்கு நெசமாவே தெரியுமா? இல்ல, தெரியும்னு சொல்லிட்டீங்களா?"

இருபது வருடத்தில் எந்த மாணவரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. பொய் சொல்ல வாய் திறந்தது. அந்த விரலைப் பார்த்தேன்.

"தெரியாது அக்கா. மூணு நாளும் மூணு மாதிரி வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல" என்றேன்.

அக்கா திட்டவில்லை. ஆனால் சமாதானமாகவும் ஒன்றும் சொல்லவில்லை. "இத அன்னிக்கே சொல்லிருந்தா நான் பாட்டுக்கு மண்ண வச்சுப் பாத்துருப்பேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓர்ப்படி தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்ணுருண்டை இன்னும் அதற்குள்தான் இருந்தது.

தண்ணீர் முறை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தலைவர் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போன் செய்து, எங்கள் முறையை அவர்களும் அவர்கள் முறையை நாங்களுமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் கிடைத்தது. இந்த ஒரு போனை யாராவது முன்பே செய்திருந்தால்? நானே சொல்லியிருக்கலாம். அவசரம் என்று எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருந்தோம்.

பெண்கள் அவர்கள் வழக்கப்படி மீதியிருந்த பதினேழு நீலப் பொந்துகளிலும் சாயங்காலம் ஒரு கை மண்ணை லேசாக வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் ஐந்தில் மண் தள்ளிவிடப்பட்டிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. இருப்பது போகட்டும் என்று இரண்டு நாள் விட்டு, நீளக் கழியால் மண் தள்ளி அடைத்தார்கள். கரை நின்றது, கதிரும் நின்றது.

நான் இப்போதும் ட்ரோன் ஓட்டுகிறேன், பொந்துகளைப் படம் எடுக்கிறேன். ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டத்தில் மட்டும் ஒரு மாற்றம். 'நீலம் - காலி' என்பதை அடித்துவிட்டு, 'நீலம் - தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். முதன்முதலில் அதைப் பார்த்த தலைவர், "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு டீச்சர் ட்ரோனு?" என்று சிரித்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அக்கா அந்தப் படத்தை வாங்கி, நீலப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு, எத்தனை கை மண் வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த மூன்றாவது கீறல் எதனால் வந்தது என்று இன்றுவரை அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் எந்தப் படத்திலும் ஒரு நீலப் புள்ளி வைப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் மணிக்கட்டு வரை என் கையை விட்டதாக நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.